இடம் இருந்தது

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்கும் நடுவில் ஒன்றரை வருடமாக ஒரு பிவிசி குழாய் இருந்தது. நாலு அங்குலக் குழாய். அவர்கள் மாடியில் விழும் மழைத்தண்ணீர் அதன் வழியாக இறங்கி, எங்கள் சமையலறைச் சுவரோரமாகக் கொட்டும். சுவர் ஊறி, சுண்ணாம்பு பொரிந்து, அடுப்பு மேடைக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஈரவாடை. அந்தக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று கொதிக்கும்.

நான் பிறந்தது வில்லியனூரில். மாதா கோயில் மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. 1877ஆம் வருடம் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த லூர்து மாதா சுரூபத்தையும், கோயிலுக்கு முன்னால் இருக்கும் குளத்தையும் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்தது பாகூர் கொம்யூனில், தென்பெண்ணையாற்றை ஒட்டிய ஒரு கிராமத்துக்கு. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து பாகூர் ஏரியை நிரப்பினால்தான் இங்கே நடவு. ஆக, தண்ணீரை நம்பிப் பிழைக்கிற ஊர். அந்த ஊரில் தண்ணீருக்காக நான் சண்டை போட்டேன்.

சண்டை குழாயில் ஆரம்பிக்கவில்லை என்பதுதான் உண்மை. அதை ரொம்ப நாள் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவின் மகன் சிங்கப்பூர் போய் அனுப்பிய பணத்தில், 2023ஆம் வருடத் தொடக்கத்தில் மாடி கட்ட ஆரம்பித்தார்கள். ஒருநாள் காலையில் அக்கா வந்து, “தங்கச்சி, உன் வீட்டுப் பக்கத்து மனை சும்மாதானே கிடக்குது. ஒரு பத்து நாளைக்கு மணலும் ஜல்லியும் கொட்டிக்கிட்டுமா? தெருவுல கொட்டினா வண்டி போக வழியில்ல” என்று கேட்டார்.

நான் யோசிக்கக்கூட இல்லை. “இல்லக்கா, அங்க வைக்கோல் போர் போடப் போறோம். இடமில்ல” என்றேன்.

அந்த வருடம் நாங்கள் வைக்கோல் போரே போடவில்லை. மனை முழுக்க எருக்கஞ்செடிதான் மண்டிக் கிடந்தது. அக்கா தினமும் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போவார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? எங்களுடையது ஓட்டு வீடு. பத்து வருடமாக ஒரு தளம் போட வேண்டும் என்று நானும் என் வீட்டுக்காரரும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறோம். பக்கத்தில் கம்பி வளைக்கிற சத்தம் கேட்டபோது வயிறு எரிந்தது. அவ்வளவுதான்.

மாடி எழுந்தது. வெளிப்பக்கமாகப் படிக்கட்டு வைத்தார்கள். படிக்கட்டு ஓரமாகக் குழாய் எங்கள் பக்கம் இறங்கியது. வேண்டுமென்றே செய்கிறார் என்று முடிவு கட்டினேன். அந்த மழைக்காலத்தோடு பேச்சு நின்றது. 2024 செப்டம்பரில் அலுவலகத்தில் ஒரு மனுவும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். என் மாமியார் மட்டும், “போய் நேரா ஒரு வார்த்தை கேளும்மா. மனு எல்லாம் எதுக்கு?” என்றார். “அவங்களுக்குத் தெரியாதா அத்தை?” என்று கேட்டு, அவர் வாயை அடைத்தேன்.

அந்த வருடம் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 1. சனிக்கிழமையே பரணிலிருந்து குடில் பெட்டியை இறக்கிக் கூடத்தில் வைத்திருந்தோம். என் அம்மா கொடுத்த சீர் அது. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடு என்றால் புவிசார் குறியீடு வாங்கிய பெயர் பெற்ற தொழில். அங்கே ஒரு குயவர் வீட்டில் சொல்லிச் செய்து வாங்கிய சுரூபங்கள். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், இடையர்கள், ஒரு பசு, நாலு ஆடு. பாலன் சுரூபம் மட்டும் பெட்டியில் இருக்காது. அதை அத்தை சுவரிலிருக்கிற மாதா பீடத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார். டிசம்பர் 24 நள்ளிரவில்தான் எடுத்துக் குடிலில் வைப்பார். அதுவரை பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் காட்டமாட்டார்.

அந்தச் சனிக்கிழமை, நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் எங்கள் தலைக்கு மேலேயே நின்று கொட்டியது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. மின்சாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு யாராலும் போக முடியவில்லை. முதல் மெழுகுவர்த்தியை, எதிர்நோக்கின் மெழுகுவர்த்தியை, வீட்டிலேயே ஏற்றினோம். அந்தச் சமயத்தில் வீட்டில் இருந்த வெளிச்சமும் அது ஒன்றுதான்.

புயல் போய்விட்டது, பிழைத்தோம் என்று நினைத்தோம். ஆனால் திங்கட்கிழமை அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். தென்பெண்ணையாற்றில் வருகிற தண்ணீர் கடலுக்குப் போகும் வழியில்தான் நாங்கள் இருக்கிறோம். மாலையில் தெருப் பையன்கள் ஓடி வந்து ஆறு கரை புரண்டுவிட்டது என்றார்கள். என் வீட்டுக்காரர் மாட்டையும் கன்றையும் அவிழ்த்துக்கொண்டு மேட்டுச் சாலைக்குப் போனார். “இருட்டறதுக்குள்ள வந்துடறேன்” என்று சொல்லித்தான் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் சாலைக்கும் தெருவுக்கும் நடுவில் தண்ணீர் ஏறிவிட்டது. அவரால் திரும்ப முடியவில்லை.

வீட்டில் நான், எழுபத்திரண்டு வயது அத்தை, ஆறாம் வகுப்புப் படிக்கிற பெரியவள், முதல் வகுப்பில் இருக்கிற சின்னவன். தண்ணீர் முதலில் வாசல்படியை நக்கியது. அப்புறம் கூடத்துக்குள் வந்தது. பிள்ளைகளைக் கட்டில் மேல் ஏற்றினேன். கட்டில் கால் மூழ்கியது. போனில் சார்ஜ் இல்லை. வெளியே கும்மிருட்டு. எங்கே போவது என்று தெரிந்துதான் இருந்தது. பத்தடி தூரத்தில் மாடி. ஆனால் வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவேன்?

அப்போது ஜன்னலில் டார்ச் வெளிச்சம் அடித்தது.

“தங்கச்சி! இன்னும் உள்ள என்ன பண்ற? பசங்களை முதல்ல குடு!”

அக்கா இடுப்பளவுத் தண்ணீரில், புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, எங்கள் வாசலில் நின்றார். சின்னவனைத் தோளில் போட்டுக்கொண்டார். பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டார். கொண்டுபோய் விட்டுவிட்டு மறுபடி வந்தார். அத்தைக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தண்ணீர் இழுத்தது. கால் வழுக்கியபோது நான் பிடித்துக்கொண்டது அந்தக் குழாயைத்தான்.

மாடியில் ஒரே ஒரு அறை. எங்களுக்கு முன்னாலேயே கடைசி வீட்டுக் கிழவரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் அங்கே இருந்தார்கள். அக்கா ஸ்டவ்வைப் பற்றவைத்து அரிசிக் கஞ்சி காய்ச்சி, எல்லோருக்கும் ஊற்றினார். எனக்கு ஊற்றும்போதும் முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை குத்திச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அத்தை இருட்டில் மெதுவாகச் செபமாலை சொல்ல ஆரம்பித்தார். சாலையில் மாட்டோடு நிற்கிற மகனுக்காக. யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். அக்கா சாமி படத்துக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, “சத்தமாவே சொல்லு பெரியம்மா. எனக்குத் தெரியாட்டியும் கேட்டுக்கிட்டு இருக்கேன். மனசுக்கு நல்லா இருக்கு” என்றார்.

விடிந்ததும் என் வீட்டுக்காரர் மேட்டிலிருந்து துண்டை ஆட்டியது தெரிந்தது. அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது. வீட்டுக்குள் கணுக்கால் உயரத்துக்கு வண்டல். நெல் மூட்டை, பிள்ளைகளின் புத்தகம், பாய், தலையணை எல்லாம் போயிற்று. குடில் பெட்டி ஒரு மூலையில் உடைந்து கிடந்தது. மாதா கிடைத்தார். பசு கிடைத்தது. இரண்டு ஆடு, கழுத்து முறிந்த ஒரு ராஜா. சூசையப்பரைக் காணவே காணோம். கிடைத்தவற்றில் வர்ணம் பாதி உரிந்துவிட்டது. ஆனால் சுட்ட மண் கரையவில்லை. பீடம் உயரத்தில் இருந்ததால் பாலன் சுரூபத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, யாருக்கும் காட்டாமல் மறுபடி அங்கேயே வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனபோதுதான் தவறவிட்ட முதல் ஞாயிறு வாசகத்தைப் படித்துப் பார்த்தேன். லூக்கா 21ஆம் அதிகாரம். கடலும் அலையும் இரைவதைக் கேட்டு மக்கள் கலங்கிப்போவார்கள், அந்த நேரத்தில் நீங்கள் தலையை நிமிர்த்துங்கள் என்கிற பொருளில் ஆண்டவர் பேசுகிற பகுதி. புயல் அடித்த அதே நாளுக்கு அந்த வாசகம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் தலை நிமிரவில்லை. அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் குனிந்துகொண்டுதான் இருந்தது.

அரசாங்கம் ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அந்த வருடம் புதுத்துணி இல்லை, ஸ்டார் இல்லை, அதிரசம் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். பெரியவள், “குடிலாவது உண்டா?” என்றாள். இருக்கிற பொம்மைகளை வைத்துச் செய்துகொள் என்றேன்.

டிசம்பர் 13 திருக்கார்த்திகை. அக்கா வீட்டு அகல் விளக்குகளும் வெள்ளத்தோடு போயிருந்தன. என் பெண் தெருவில் ஒதுங்கியிருந்த வண்டல் மண்ணைப் பிசைந்து ஏழெட்டு அகல் செய்து, வெயிலிலும் அடுப்படியிலும் காயவைத்து, என்னிடம் சொல்லாமலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். சாயந்திரம் பார்த்தால் கோணல்மாணலான அந்த அகல்களில் மூன்று எங்கள் வாசலில் எரிந்துகொண்டிருந்தன. அக்கா வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அதன் பிறகு குடில் வேலை மும்முரமானது. ஒருநாள் மண்ணும் கையுமாக வந்து கேட்டாள்: “அம்மா, குடில்ல சத்திரக்காரர் பொம்மை ஏன் இல்ல?”

“எந்தச் சத்திரக்காரர்?”

“மாதாவுக்கு இடமில்லன்னு சொன்னாரே, அவர்.”

வேதத்தைத் திறந்து பார்த்தேன். இத்தனை வருடமாகக் கிறிஸ்துமஸ் நாடகங்களில் கதவைச் சாத்துகிற சத்திரக்காரரைப் பார்த்துப் பழகியவள் நான். ஆனால் லூக்கா நற்செய்தியில் அப்படி ஒரு ஆளே கிடையாது. விடுதியில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்ற செய்தி மட்டும்தான் இருக்கிறது. இடமில்லை என்று யார் சொன்னார், ஏன் சொன்னார் என்று இல்லை. பெயர் இல்லை. முகம் இல்லை.

நான் வேதத்தை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எருக்கஞ்செடி மண்டிய அந்த மனை கண்ணுக்கு முன்னால் நின்றது. இடமில்லை என்று சொல்வதற்குக் கொடியவளாக இருக்க வேண்டியதில்லை. சாதாரணமாக, காலை வேலைகளுக்கு நடுவில், பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு மறந்தும் போகலாம்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்பு அலுவலகத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். கையில் என் மனு. “நீங்கதானே குழாய் பத்திக் கொடுத்தது? இடத்தைப் பார்க்கணும்” என்றார். அக்கா அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு அதுவரை மனுவைப் பற்றித் தெரியாது. கீரையைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“வேணாங்க சார். நாங்களே பேசிக்கிறோம்” என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது.

அவர் போன பிறகு அக்கா வீட்டுத் திண்ணைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் முந்தின நாள்தான் ஒன்று சொல்லியிருந்தார்: “நன்றி வேற, குழாய் வேற. சுவர் ஊறுறது ஊறுறதுதான். அதையும் மறைக்காம கேளு. கேட்கிற விதமா கேளு.” சரிதான் என்று பட்டது. எதையும் பேசாமல் பெரிய மனுஷி மாதிரி பொறுத்துக்கொண்டால், அது மன்னிப்பு ஆகாது. ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி வெடிக்கும்.

“அக்கா, சமையலறைச் சுவர் ஊறுது. குழாயைக் கொஞ்சம் திருப்பிவிட முடியுமா?” என்றேன்.

அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “இதை அன்னைக்கே எங்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே திருப்பியிருப்பேனே தங்கச்சி. கொத்தனார் வச்சுட்டுப் போனான். உன் சுவர்ல படுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீதான் பேசறதையே விட்டுட்ட” என்றார்.

ஒன்றரை வருடக் கோபம், ஒரு மனு, எத்தனையோ தூங்காத இரவுகள். அத்தனைக்கும் பதில் அவ்வளவுதான். நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அடுத்ததைச் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. “அக்கா, அன்னைக்கு மணல் கொட்ட இடம் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்.”

அக்கா மறுபடி கீரையை எடுத்தார். “தெரியும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “உக்காரு, இந்தத் தண்டை நறுக்கு” என்று கத்தியை என் பக்கம் தள்ளினார்.

தெரியும் என்றாரே, அதுதான் என்னை இன்றுவரை யோசிக்க வைக்கிறது. பொய் என்று தெரிந்தேதான் அன்று இரவு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்திருக்கிறார்.

நிவாரணப் பணத்திலிருந்து பாதி, அக்கா பாதி போட்டு, ஒரு வளைவும் பத்தடிக் குழாயும் வாங்கினோம். கொத்தனார் அரை நாளில் முடித்துவிட்டார். இப்போது தண்ணீர் தெரு வாய்க்காலுக்குப் போகிறது.

டிசம்பர் 24 இரவு ரோமில் போப் பிரான்சிஸ் புனிதக் கதவைத் திறந்து 2025 யூபிலி ஆண்டைத் தொடங்கி வைத்தார். எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்பது அந்த ஆண்டின் கருப்பொருள். எங்கள் வீட்டில் அதே இரவு, பூசை முடிந்து வந்து, அத்தை பாலன் சுரூபத்தை எடுத்துக் குடிலில் வைத்தார். வைத்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார்.

குடிலில் சூசையப்பர் இருந்த இடத்தில் பெரியவள் ஒரு புது சூசையப்பரைச் செய்து வைத்திருந்தாள். கொஞ்சம் குண்டு. குடிலுக்குப் பக்கத்தில் வண்டல் மண்ணிலேயே ஒரு மாடி வீடு. வெளிப்பக்கமாகப் படிக்கட்டு. படிக்கட்டுக்குக் கீழே, புடவையை வரிந்து கட்டி, கையில் டார்ச்சோடு ஒரு பொம்பளை.

“வேதத்துல இல்லாத ஆளைக் குடில்ல வைக்கலாமாடி?” என்றார் அத்தை.

“வைக்கலாம் ஆயா. மறைக்கல்வி டீச்சர் சொன்னாங்க” என்றாள். 1223ஆம் வருடம் கிரேச்சோ என்ற இத்தாலிய ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் முதல்முதலில் குடில் அமைத்தபோது அங்கே சுரூபங்களே இல்லை. வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, சுற்றி ஊர் ஜனங்கள். அவ்வளவுதான். 2019இல் அதே ஊருக்குப் போய், குடிலைப் பற்றிப் போப் பிரான்சிஸ் எழுதிய மடலிலும், அன்றாட வேலை செய்கிற சாதாரண மனிதர்களைக் குடிலில் சேர்க்கும் வழக்கத்தைப் பாராட்டியிருக்கிறார். இதையெல்லாம் அவள் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

அத்தை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப சரி. அந்த டார்ச்சைப் பாலன் பக்கம் திருப்பி வை” என்றார்.

மறுநாள் காலை அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். குடிலைப் பார்த்தார். “இது யாரு?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. சின்னவன்தான், “நீங்கதான் பெரியம்மா. சத்திரத்தைத் தொறந்தவங்க” என்றான். அக்கா, “என்னைவிட ஒல்லியா இருக்கா” என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் இப்போது ஒட்டிப் பிறந்த அக்கா தங்கை ஆகிவிட்டோம் என்று சொன்னால் அது பொய். போன மாதம்கூட எங்கள் கன்று அவர் கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டது. நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் சாயந்திரத்துக்குள் பேசிவிட்டோம். இப்போது எது என்றாலும் நேரே போய்க் கேட்டுவிடுகிறேன்.

இந்த வருடமும் குடில் பெட்டியை இறக்கியாயிற்று. மனையில் எருக்கஞ்செடியை வெட்டிவிட்டோம். அக்கா அங்கே அவருடைய விறகை அடுக்கி வைத்திருக்கிறார். பெரியவள் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சுரூபமாகத் துணியிலிருந்து பிரித்தாள். சுடாத பச்சை மண் என்பதால் டார்ச்காரப் பொம்மையின் ஒரு கை விரிந்திருந்தது. கொஞ்சம் மண் குழைத்து ஒட்டினாள்.

காய்ந்ததும் அந்தப் பொம்மையைத்தான் முதலில் எடுத்து வைத்தாள்.